மருமகப்பிள்ளை கேரவனில் போன கதை

கூழாம்பட்டி மொக்கையன் சகோதரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. முட்டாள் என்றால் சொன்ன பேச்சைக் கேட்காதவன். இவர்கள் மூவரும் சொன்ன பேச்சை அப்படியே கேட்பார்கள். ஒரு சொல் கூட்டமாட்டார்கள், ஒரு சொல் குறைக்கமாட்டார்கள். வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

மூத்தவர் மொக்கையன். ஊரில் யாருக்கு யோசனை வேண்டுமானாலும் அவரிடம் போய்க் கேட்டுவிட்டு, அதற்கு நேர்மாறாகச் செய்து பிழைத்துக்கொள்வார்கள். நடுவுள்ளவர் ஒச்சப்பன். எதையும் நாலு கேள்வி கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகுதான் தப்பாகச் செய்வார். இளையவர் தவசி. டிராக்டர், லாரி, பஸ் எல்லாம் ஓட்டுவார். எங்கே போகிறோம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளமாட்டார்.

மூவருக்கும் ஒரே தங்கை, வீரலட்சுமி. அந்த வீட்டுக்கு வரவேண்டிய அறிவெல்லாம் கடைசியாகப் பிறந்த அவளிடம் மொத்தமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. கல்யாணமாகி வெகுநாள் கழித்து அவளுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தான். தவழ்கிற வயது, கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் போடுகிற வயது. பெயர் இளவேந்தன். ஆனால் மாமன்மார் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். மருமகப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அவன் மடியை நனைத்தால்கூட, 'மருமகப்பிள்ளை தண்ணி விட்டுட்டாக' என்று மரியாதையாகத் துடைத்துக்கொள்வார்கள்.

பிள்ளைக்குக் குலசாமி கோயிலில் முதல் மொட்டை எடுக்க நாள் குறித்தார்கள். முதல் மொட்டையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எடுக்க வேண்டும். மொக்கையனுக்கு அந்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஒரு குழந்தை சபை நடுவே தன் மடியில் உட்காரப்போகிறது என்பதை நினைத்தாலே எழுந்து வேட்டியைத் தட்டி மடியைச் சரிசெய்துகொள்வார். ஒரு பூசணிக்காயை மடியில் வைத்து தினமும் பழகினார். அதன் தலையில் தண்ணீர் தடவி, "அழாதீக மருமகனே, இந்தா முடிஞ்சிருச்சு" என்பார். பூசணிக்காய் ஒருநாளும் அழவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீரலட்சுமியின் மாமனார் பிச்சைமணி மட்டும் இதை நம்பவில்லை. மாப்பிள்ளை ராசாங்கமும் அவரும் கிடா, பாத்திரம் பண்டங்களோடு முந்தின நாளே கோயிலுக்குக் கிளம்பினார்கள். போகும்போது பிச்சைமணி மொக்கையன் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

"இந்தா பாருங்க சம்பந்தி. பிள்ளை மேல ஒரு கீறல் விழுந்தாலும் சரி, ராகுகாலத்துக்கு முன்னாடி வந்து சேராட்டியும் சரி, மடிக்கு எங்க பங்காளியில ஆள் இருக்கு. உக்கார வச்சு முடியை எடுத்துருவேன்."

மொக்கையன் உள்ளே போய்ப் பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கோயில் கிழக்கே கருவேலங்காட்டுக்குள் இருந்தது. தங்க ஓர் அறை கிடையாது, ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. பிள்ளை வெயில் தாங்கமாட்டான் என்று ராசாங்கம் ஒரு கேரவனை வாடகைக்குப் பிடித்து அனுப்பியிருந்தான். சினிமாக்காரர்கள் ஷூட்டிங்குக்குக் கொண்டுபோகிற வண்டி. உள்ளே சோபா, அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, பின்னால் கதவு போட்ட ஒரு படுக்கையறை எல்லாம் இருந்தன. உள்ளிருந்தே டிரைவர் சீட்டுக்கும் போகலாம். ஓட்டுவதற்குத் தவசி இருக்கவே இருந்தார்.

வீரலட்சுமி முன்யோசனைக்காரி. அண்ணன்மாரைப் பிள்ளையோடு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய், நர்ஸ் பிலோமினா முன்னால் நிறுத்தினாள்.

"பிள்ளையை வண்டியில எப்படிப் பத்திரமா கொண்டுபோறதுன்னு இவுகளுக்கு நீங்களே சொல்லுங்க சிஸ்டர். அண்ணே, சிஸ்டர் சொல்றதை அப்படியே கேக்கணும். நானே வந்து வேற மாதிரி சொன்னாக்கூட கேக்கக்கூடாது."

இப்படிச் சொன்னது அவள் வாழ்க்கையில் செய்த ஒரே முட்டாள்தனம். ரத்தம் எங்கே போகும்.

நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். "ஓடுற வண்டியில பிள்ளையை மடியில வைக்காதீங்கண்ணே. பிரேக் போட்டா யாராலயும் பிடிக்க முடியாது. பிள்ளைக்குன்னு தனி சீட் இருக்கு. அதுல பெல்ட் போட்டு, பின்பக்கம் பாத்த மாதிரி உக்கார வைக்கணும். பயணம் முடியிற வரைக்கும் மடிங்கிற பேச்சே கூடாது. வண்டி ஓடுறப்ப போனைத் தொடாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பிள்ளை இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்புங்க. வண்டி நின்னா கதவைப் பூட்டியே வைங்க, தவழ்ந்து கீழே விழுந்துருவான். அவன் தூங்குறப்ப சத்தம் போடாதீங்க. அப்புறம், பிள்ளைக்கு எதைச் செஞ்சாலும் முதல்ல உங்க மேல செஞ்சு பாத்துட்டுச் செய்யுங்க."

மூவரும் கைகட்டிக் கேட்டார்கள். ஒச்சப்பன் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். "மூணு பேரு மேலயுமா, ஒருத்தர் மேல செஞ்சா போதுமா?"

"மூணு பேரும் பாத்தா நல்லதுதான்" என்றார் நர்ஸ், வெளியே வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் விடிந்ததும் வீரலட்சுமி கேரவனுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளைக்கு இதுதாண்ணே நம்ம வீடு" என்றாள். சந்தோஷத்தில் சொன்னாள். அண்ணன்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டாமா? மாவிலை கட்டி, அடுப்பில் பால் பொங்கவைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். மடியில் வைத்துப் பழகிய காயை மொக்கையன் தரமாட்டேன் என்றதால் கடைக்குப் போய் வேறு வாங்க வேண்டியதாயிற்று.

பிறகு பிள்ளை சீட். எதையும் முதலில் தங்கள் மேல் செய்து பார்க்க வேண்டுமே. ஒச்சப்பனும் தவசியும் ஒல்லி. நுழைந்து வெளியே வந்துவிட்டார்கள். மொக்கையன் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். சீட்டோடு எழுந்தார், சீட்டோடு நடந்தார். நல்லெண்ணெய் ஊற்றி ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் ஒருவழியாகக் கழன்றது. "பெல்ட் கெட்டியாத்தான் இருக்கு" என்று மொக்கையன் இடுப்பைத் தடவிக்கொண்டு சான்று சொன்னார்.

வீட்டுக்குள் செருப்போடு போகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. மூவரும் கேரவன் வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே ஏறினார்கள். வீரலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு, அந்தச் செருப்புகளைப் பொறுக்கி உள்ளே எறிந்தாள். வண்டி கிளம்பியது.

வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். பிள்ளை தன் சீட்டில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். வீரலட்சுமி புட்டியைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் போனாள். மாமன்மார் இறங்கிக் கைகால் உதறிவிட்டு, செருப்பை வெளியே வரிசையாக வைத்துவிட்டு ஏறினார்கள்.

"மருமகப்பிள்ளை இருக்காகளா?" என்று கேட்டார் மொக்கையன்.

ஒச்சப்பன் எட்டிப் பார்த்தார். "இருக்காக."

"அப்ப எடுறா வண்டியை."

தங்கை இருக்கிறாளா என்று யாரும் பார்க்கவில்லை. நர்ஸ் அதைச் சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அடுப்படித் தட்டில் வீரலட்சுமியின் போன் அடித்தது. பங்கில் வேலை செய்கிற பெண்ணிடம் போன் வாங்கி அவள்தான் கூப்பிட்டாள். தவசி உடனே வண்டியை ஓரங்கட்டினார். நிற்கிற நேரத்தில் அது நின்றுபோனது. மறுபடி கிளம்பினார்கள், மறுபடி அடித்தது. நிறுத்தினார்கள், ஓய்ந்தது.

ஒச்சப்பன் வெகுநேரம் யோசித்தார். "அண்ணே, இது போன் இல்லை. வண்டி ஓடுனா அடிக்குது, நின்னா நிக்குது. இது எஞ்சின்ல இருந்து வர்ற சத்தம்."

"இந்தச் சத்தத்துக்கும் தங்கச்சி எந்திரிச்சு வரலையே?"

"மருமகப்பிள்ளை தூங்குறாகல்ல. சத்தம் போடக்கூடாதுன்னு பின்னாடி ரூம்ல கதவைச் சாத்திட்டுப் படுத்திருக்கா. மூச்சுவிடுற சத்தம்கூட வரலை பாருங்க. சிஸ்டர் சொன்னதை அவ எப்படிக் கேக்குறா, நாம எப்படிக் கேக்குறோம்."

மூவருக்கும் தங்கையை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதன் பிறகு குசுகுசுவென்றே பேசினார்கள்.

பிள்ளை விழித்தது. விழித்ததும் வீல் என்று அழ ஆரம்பித்தது. மொக்கையன் பதறிவிட்டார். அவருடைய பூசணிக்காய் இப்படி அழுததே இல்லை. பயணம் முடியும்வரை மடி கூடாது என்பதால் தூக்கவும் பயம். சீட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து பிள்ளையின் முகத்தையும் பிள்ளை பார்க்கிற திசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்பத்தான் தெரியுது. நாம முன்னாடி போறோம். மருமகப்பிள்ளை பின்னாடி பாக்குறாக. மாமன் ஊரு தூரமாப் போய்க்கிட்டே இருக்கிறது அவுக கண்ணுக்குத் தெரியுது. அழுகை வராம என்ன செய்யும்?"

"சீட்டைத் திருப்பிருவோமா?"

"பின்பக்கம் பாத்துத்தான் உக்காரணும்னு சிஸ்டர் சொல்லியிருக்காக."

தவசி குசுகுசுத்தார். "சீட்டைத் திருப்பக்கூடாதுன்னுதானே சொன்னாக? வண்டியைத் திருப்பிட்டுப் பின்னாடியே ஓட்டுறேன். மருமகப்பிள்ளை பின்பக்கமும் பாத்த மாதிரி இருக்கும், கோயிலையும் பாத்த மாதிரி இருக்கும்."

இதைவிட நல்ல யோசனை அந்தக் குடும்பத்தில் அதுவரை தோன்றியதில்லை. நல்லவேளையாக அது ஆளரவம் இல்லாத காட்டு ரோடு. அகலமான இடமாகப் பார்த்து வண்டியைத் திருப்பினார் தவசி. கழுத்தை வெளியே நீட்டி, ரிவர்ஸ் கியரில் கோயிலை நோக்கி மெதுவாக ஓட்டினார்.

அதே நேரம் வீரலட்சுமி பங்கிலிருந்து ஒரு மினிபஸ்ஸைப் பிடித்து, அழுதுகொண்டே பின்னால் வந்துகொண்டிருந்தாள். முழங்கையில் ஒரு மஞ்சள் பை, அதில் மூன்று ஜோடிச் செருப்பு. தூரத்தில் கேரவன் முகத்தைக் காட்டிக்கொண்டு எதிரே வருவதைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. எப்படியோ நினைவு வந்து தன்னை அழைத்துப்போகத் திரும்பி வருகிறார்கள் என்று நினைத்தாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரம் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். பஸ் போய்விட்டது. கேரவன் அவளைப் பார்த்தபடியே சின்னதாகிக்கொண்டே போனது.

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மொக்கையன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "டேய் ஒச்சப்பா, அந்தா ரோட்டுல நிக்கிற பிள்ளை நம்ம தங்கச்சி மாதிரியே இருக்குடா."

"தங்கச்சி உள்ள தூங்குறாண்ணே."

"அதான் நானும் பாக்குறேன். அச்சு அசல் அவளாட்டமே இருக்கு. கையில பைகூட வச்சிருக்கு."

"உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்களாம்ணே. அதுல ஒண்ணு இந்தப் பக்கத்து ஊர்ல இருக்கும்போல."

"பாவம், கையாட்டுது. நம்மளைத் தெரிஞ்ச மாதிரி ஆட்டுது."

இருவரும் மரியாதையாகக் கையாட்டினார்கள். வளைவில் அவள் மறைகிறவரை ஆட்டினார்கள்.

பிள்ளையின் அழுகை மட்டும் நிற்கவில்லை. கோயிலைப் பார்த்தபடி போனாலும் பசி பசிதான். தங்கை பால் ஊற்றி வைத்திருந்த பிளாஸ்க்கை ஒச்சப்பன் எடுத்தார். எதைக் கொடுத்தாலும் முதலில் தங்கள் மேல் பார்க்க வேண்டும். மொக்கையன் உள்ளங்கையை நீட்டினார், ஒச்சப்பன் பாலை ஊற்றினார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. மொக்கையனுக்குச் சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். பிறகு ஒச்சப்பன் கையில். பிறகு வண்டியை நிறுத்தித் தவசி கையில். தவசிக்கு ஒரு கையில் சூடாகவும் மறு கையில் பதமாகவும் தெரிந்ததால் இரண்டாம் முறையும் பார்க்க வேண்டி வந்தது.

"இளஞ்சூடுதான்" என்று மூவரும் ஒரே மனதாக முடிவு செய்தபோது பிளாஸ்க் காலி.

மொக்கையனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கீறல் விழுந்தாலே மடி கிடையாது என்று சம்பந்தி சொல்லியிருக்கிறார். பட்டினி போட்டுக் கொண்டுபோனால் என்ன சொல்வார்? மடியை விடு, அழுகிற அந்தப் பிஞ்சு வாயைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ரோட்டோரம் ஓர் இட்லிக்கடை தெரிந்ததும் வெறுங்காலோடு குதித்து ஓடினார்.

கடைக்காரப் பெண் பின்னோக்கி வந்து நின்ற வண்டியையும், எண்ணெய் மினுங்கும் மனிதரையும் பார்த்தாள். உள்ளே பிள்ளை வீறிடுவதும் கேட்டது. இட்லியை வெந்நீரில் குழைத்து, பிள்ளைக்குத் தானே ஊட்டிவிட்டாள். ஊட்டுவதற்கு முன்னால் மூன்று மாமன்மாரும் ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டுப் பார்த்தார்கள்.

வயிறு நிறைந்ததும் பிள்ளை தூங்கிவிட்டான். தூங்குகிறவன் எந்தப் பக்கமும் பார்ப்பதில்லை என்று ஒச்சப்பன் கண்டுபிடித்ததால், மிச்ச தூரத்தை வண்டி எல்லா வண்டியையும் போல முன்னோக்கியே ஓடியது.

கோயிலில் பிச்சைமணி வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேரவன் வந்து நின்றதும் பாய்ந்து ஏறிப் பேரனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும்.

"லட்சுமி எங்கே மச்சான்?" என்று கேட்டான் ராசாங்கம்.

"சத்தம் போடாதீக மாப்பிள்ளை. உள்ள தூங்குது."

ராசாங்கம் பின்னறைக் கதவைத் திறந்தான். கட்டிலில் மொக்கையனின் பூசணிக்காய் மட்டும் போர்வை போர்த்திப் படுத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத் தட்டிலிருந்த போன் அடித்தது. ராசாங்கம் எடுத்தான். எடுத்தவன் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டான். வைத்துவிட்டு, "பந்தல் சாமான் ஏத்துற குட்டியானை வண்டியில வந்துக்கிட்டு இருக்கா" என்றான்.

மொக்கையன் தம்பியைப் பார்த்தார். "அப்ப ரோட்டுல நின்ன பிள்ளை?"

"அது வேறண்ணே" என்றார் ஒச்சப்பன். அவர் ஒரு முடிவுக்கு வந்தால் லேசில் மாற்றமாட்டார்.

மொட்டை போடுகிற சன்னாசி, கத்தியைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளையைக் கொண்டாங்க" என்றார்.

"முதல்ல எங்களுக்கு எடுங்க" என்றார் மொக்கையன்.

"உங்களுக்கும் வேண்டுதலா?"

"வேண்டுதல் இல்லை. பிள்ளைக்கு எதைச் செஞ்சாலும் எங்க மேல செஞ்சு பாக்கணும்."

பிச்சைமணி வேண்டாம் என்றார், ராசாங்கம் கெஞ்சினான். நடக்கவில்லை. மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். முப்பது வருஷமாக மொக்கையன் வளர்த்த குடுமி மண்ணில் விழுந்தது. கத்தி நல்ல கத்தி என்று மூவரும் தலையைத் தடவி ஒப்புக்கொண்ட நேரத்தில் குட்டியானை வந்து நின்றது. வீரலட்சுமி இறங்கி ஓடிவந்தாள். யாரோ மூன்று மொட்டைத்தலை ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர்களைத் தாண்டிப் போய், அண்ணன்மாரைத் தேடினாள். பிள்ளையைப் பார்த்து அள்ளிக்கொண்ட பிறகுதான் அவளுக்குக் கோபப்படவே நேரம் கிடைத்தது. செருப்புப் பையை அவர்கள் முன்னால் கொட்டினாள்.

"எப்படி தாயி எங்களுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போய் செருப்பெல்லாம் எடுத்துட்டு வந்த?" என்று ஒச்சப்பன் ஆச்சரியப்பட்டார்.

அவள் திட்டத் தொடங்கும் முன் பிச்சைமணி கூப்பிட்டார். ராகுகாலம் நெருங்கிவிட்டது. மொக்கையன் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துண்டை விரித்து, கையை நீட்டினார். மொட்டைத்தலையில் வியர்வை. இத்தனை நாள் காத்திருந்த நேரம்.

"அண்ணே" என்றார் ஒச்சப்பன். "பயணம் முடியிற வரைக்கும் மடிங்கிற பேச்சே கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காக."

"அதான் கோயிலுக்கு வந்தாச்சே."

"திரும்பிப் போகணும்ல. வீட்டுக்குப் போனாத்தானே பயணம் முடியும். இப்ப பாதிதான் ஆயிருக்கு."

மொக்கையன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அது அவருக்குச் சரியென்றுதான் பட்டது. அதுதான் கொடுமை.

வீரலட்சுமி குனிந்து சொன்னாள். "அண்ணே, நான் சொல்றேன். வண்டி ஓடுறப்பத்தான் மடி கூடாது. வாங்கி வைங்கண்ணே மடியில."

"நீயே வந்து சொன்னாக்கூட கேக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்க தாயி."

பிச்சைமணி வெயிலைப் பார்த்தார். பங்காளி வீட்டு ஆள் ஒருவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். மொக்கையன் மணையை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணீர் மட்டும் மீசையில் இறங்கி நின்றது. அதைப் பார்த்த எனக்கே, மன்னிக்க வேண்டும், பார்த்ததாகச் சொன்னவருக்கே கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டி வந்ததாம்.

அப்போது தவசி வாயைத் திறந்தார். "வீட்டுக்குப் போனா பயணம் முடிஞ்சிருமா?"

"ஆமா" என்றார் ஒச்சப்பன்.

"வீடு அந்தா நிக்குதே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலமரத்தடியில் மாவிலை கட்டிக்கொண்டு கேரவன் நின்றது.

"பால் காய்ச்சுனோம், பூசணிக்காய் உடைச்சோம். ரெண்டு நாளைக்கு இதுதான் நம்ம வீடுன்னு தங்கச்சியே சொல்லுச்சு" என்றார் தவசி.

ஒச்சப்பன் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் விடை சரியாக இருந்தது. மூன்று மொட்டைத்தலைகளும் பிள்ளையைச் சீட்டோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி, வலதுகால் வைத்து உள்ளே போய், "வீட்டுக்கு வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு, அதே வேகத்தில் வெளியே வந்தார்கள்.

மருமகப்பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்தான். சன்னாசியின் கை வேகமான கை. பிள்ளை அழவில்லை. முன்னால் இருந்த மொட்டைத்தலையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மொக்கையன்தான் வாய்விட்டு அழுதார். ராகுகாலம் பிறக்கும்போது கடைசி முடி விழுந்துவிட்டது. பிச்சைமணிகூட துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நல்ல மடிதான்யா" என்று சொன்னார்.

கிடாக்கறி விருந்து முடிந்தது. ராசாங்கமும் அப்பாவும் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு முதலில் போனார்கள். வீரலட்சுமி பிள்ளையோடு பின்னறையில் அயர்ந்து தூங்கிவிட்டாள். பூசணிக்காயைத் தலைக்கு வைத்துக்கொண்டு தவசி சோபாவில் குறட்டை விட்டார்.

"வீட்டுக்கு வந்தாச்சு, வந்த வேலையும் முடிஞ்சுது" என்றார் மொக்கையன். "ஊர்ல மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லை. நாம ரெண்டு பேரும் பஸ்ஸைப் பிடிச்சுப் போயிட்டு வந்துருவோம்."

"கிளம்புறதுக்கு முன்னாடி மருமகப்பிள்ளை இருக்காகளான்னு பாக்கணும்ணே."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். இருந்தான். நிற்கிற வண்டியின் கதவைப் பூட்டிவைக்க வேண்டும் என்பதும் நினைவு வந்தது. வெளியே பெரிய பூட்டாகப் போட்டு, இழுத்துப் பார்த்து, சாவியை மொக்கையன் இடுப்பில் செருகிக்கொண்டார். கோயிலுக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் பஸ் வந்தது. ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். பின்னால் விடாமல் ஹாரன் சத்தம். ஒரு கேரவன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ்ஸை விரட்டி வந்தது. ஓட்டுகிறவனுக்கு மொட்டைத்தலை. அவன் பக்கத்து ஜன்னலில் ஒரு பெண் தலையையும் கையையும் நீட்டி ஏதோ கத்திக்கொண்டு வந்தாள்.

"டேய், இது நம்ம வீடு மாதிரியே இருக்குடா" என்றார் மொக்கையன்.

"நம்ம வீட்டைத்தான் பூட்டிட்டு வந்தோமே. சாவி உங்க இடுப்புல இருக்கு."

மொக்கையன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. "மாவிலைகூட கட்டியிருக்கு. அந்தப் பிள்ளையைப் பாரு, காலையில ரோட்டுல நின்னுச்சுல்ல, அதே பிள்ளை."

"ஓ, இந்த வண்டிக்குத்தான் காத்துக்கிட்டு நின்னுச்சாக்கும்."

இருவரும் கையாட்டினார்கள். கேரவன் இன்னும் நெருங்கியது, ஹாரன் காதைப் பிளந்தது. மொக்கையன் மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டு, நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மருமகப்பிள்ளையை வீட்டுல விட்டுட்டு வந்தது நல்லதாப் போச்சுடா. இப்படி ஓட்டுறவன் வண்டியில எல்லாம் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா என்னத்துக்கு ஆகும்."